பொன்னுருக்கில் எரிந்த ஐந்து சதம்

அந்த வாரப் பத்திரிகையின் முதற்பக்கக் கேலிச்சித்திரத்தில் என் அப்பாவின் மூக்கு வந்திருந்தது. ஊரில் வேறு எவருக்கும் அப்படியொரு மூக்கு கிடையாது. இரண்டாம் உலக யுத்தகாலம் அது. உலோகத் தட்டுப்பாட்டால் சில்லறைக் காசையும் அரசாங்கம் கடதாசியில் அச்சடித்துவிட்டது. ஐந்து சதத் தாளின் நடுவே வரிசையாகத் துளைகள். கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மற்றது மூன்று சதம். மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள், "இது காசோ, பஸ் ரிக்கற்றோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மடியில் செருகுவாள். எல்லா வீட்டிலும் சிரிப்பு. எங்கள் வீட்டில் மட்டும் மூச்சுவிடக் கூடாது. அப்பா, மாவட்ட நிர்வாகம் நடக்கும் கச்சேரியில் அரசாங்கப் பணத்துக்குப் பொறுப்பான சிறாப்பர். தாளைப் பழித்தால் தன்னைப் பழித்ததாகவே எடுத்துக்கொள்வார்.

அந்த நாட்களில்தான் தரகர் அக்காவுக்கு ஒரு சித்திர வாத்தியாரைப் பேசிக்கொண்டு வந்தார். பெண் பார்க்க வந்த மனுசன் அக்காவை ஒருதரம்தான் நிமிர்ந்து பார்த்தார். மிச்ச நேரம் முழுக்க அப்பாவின் மூக்கிலேயே கண். அந்த ஒரு பார்வை அக்காவுக்குப் போதுமாயிருந்தது, அப்பாவுக்குப் போதவில்லை. "படம் கீறிச் சீவிக்கிறவனுக்கு என்னெண்டு பிள்ளையைக் குடுக்கிறது? யோசிச்சுச் சொல்லுறன்" என்று தரகரை அனுப்பிவிட்டார்.

யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பத்திரிகைப் படம் வந்துவிட்டது. தாலிக்கான தங்கத்தைக் கலியாணத்துக்கு முன்னரே மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குவது எங்கள் வழக்கம். படத்தில் அந்தப் பொன்னுருக்குத்தான் நடக்கிறது. மாப்பிள்ளைக் கோலத்தில் அரசாங்கம். நகை செய்யும் பத்தர், பொன் உருக்கும் மூசையில் போடுவதோ ஐந்து சதத் தாள். சாம்பல் பறக்கிறது. பக்கத்தில் குடையோடு அப்பா, "நல்ல பவுண், பயப்படாமல் ஊதும்!" என்கிறார். கீறியவரின் பேர் இல்லை. தேவையும் இல்லை.

"உவன் பிள்ளையைப் பார்க்க வந்தவனோ, என்னைப் பார்க்க வந்தவனோ?" என்று அப்பா குதித்தார். "சத்தம் போடாதேங்கோ, அயலட்டைக்குக் கேக்கும்" என்று அம்மா கெஞ்சினா. குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா, "கலியாணம் செய்தால் உவரைத்தான் செய்வன்" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படியொரு சொல்லை அதற்குமுன் நாங்கள் கேட்டதேயில்லை. 

அடுத்தநாள் கச்சேரிக்குப் பெரியவரான வெள்ளைக்கார ஏசன்ட் துரை பத்திரிகையும் கையுமாக அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். சம்பந்தம் இன்றோடு முறிந்தது என்று அம்மா முடிவே கட்டிவிட்டா. அக்கா சாப்பிடவில்லை. பின்னேரம் அப்பா படலையைத் திறந்தபோது, ஐயோ, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வருகிறார்!

"துரைக்குப் படம் விளங்கேல்லையாம். பொன்னுருக்கு எண்டால் என்னெண்டு இங்கிலீசிலை சொல்லத் தொடங்கினன். மூசை, நெருப்பு எண்டு சொல்லிக்கொண்டு வர, கடதாசியைப் போடுற இடத்திலை எனக்கே அடக்கேலாமல் சிரிப்பு வந்திட்டுது. அந்தாளும் மேசையிலை தட்டித் தட்டிச் சிரிக்குது. கடைசியிலை, ஆர் இதைக் கீறினது எண்டு கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" அம்மா கேட்டா.

"என்ரை மருமகன் எண்டன்."

"நீங்கள் இன்னும் ஓம் எண்டே சொல்லேல்லையே!"

"துரைக்கு முன்னாலை சொல்லிப்போட்டு மாத்தேலுமே? உந்தத் தரகரை வரச்சொல்லு." பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்: "பிள்ளை, வெளியிலை வந்து சாப்பிடு. மெலிஞ்சு போனாயெண்டால் உவன் அதையும் கீறிப்போடுவான்!"