‘டிட்’ போட்டுக் கேட்ட கேள்வி

போன வருஷம் தீபாவளிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை மதியம். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலுக்காகக் காத்திருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் பெரியவர்களுக்கு நடக்கும் ஆரம்ப ஆங்கில வகுப்பை அப்போதுதான் முடித்து வந்திருந்தேன்.

ஐம்பது வயதுக்கு மேல் ஆங்கிலம் எதற்கு என்று கேட்பீர்கள். என் மகள் கட்டிக்கொண்டது பிலிப்பீன்ஸ்காரரை. தங்கமான மாப்பிள்ளை. ஆனால் அவருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. துணிக்கடையில் வேலை பார்க்கும் எனக்கோ ஆங்கிலம் ‘தேங்க்யூ’வோடு சரி. அவர் வீட்டுக்கு வந்தால் சோற்றைப் போட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம். எவ்வளவு நேரம்தான் சிரிப்பது? வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

நடந்து முடிந்ததைப் பற்றி எப்படிக் கேட்பது என்பதுதான் அன்றைய பாடம். முன்னால் ‘டிட்’ வந்துவிட்டால் பின்னால் ‘வென்ட்’ வராது, ‘கோ’தான் வரும். ‘ஏட்’ வராது, ‘ஈட்’தான். முடிந்துபோனது என்பதை ‘டிட்’டே சொல்லிவிடுகிறது, அதை இன்னொரு தடவை சொல்வானேன் என்றார் ஆசிரியை. நடக்கப் போவதற்கு ‘வில்’. வகுப்பு முழுக்க நான் ‘டிட் யூ வென்ட்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் ரயிலுக்குக் காத்திருந்தபோதும் சரியானதை வாய்க்குள் முணுமுணுத்தபடி இருந்தேன்.

பக்கத்து இருக்கையில் வயதான வெளிநாட்டுத் தம்பதி. திடீரென்று அந்தக் கணவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. மனைவி ஏதோ கேட்க, குழறியபடி கோபமாகப் பதில் சொன்னார். கூட்டம் கூடிவிட்டது. ஆபீஸ் உடையில் இருந்த ஒரு தமிழ் இளைஞர் அந்த அம்மாவிடம் மளமளவென்று ஆங்கிலத்தில் விசாரித்தார். பயந்துபோயிருந்த அந்த அம்மா, வயிற்றில் ஊசி குத்துவதுபோல் காட்டி, “இன்சுலின், இன்சுலின். ஈட், ஈட்” என்றார். ஊசியும் போட்டாகிவிட்டது, சாப்பிட்டும் ஆகிவிட்டது, அப்படியானால் இது நெஞ்சுக் கோளாறுதான் என்று நினைத்து அந்த இளைஞர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. என் கணவருக்கும் சர்க்கரை உண்டு. ஒரு தடவை ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் விட்டபோது அவருக்கும் இதே வியர்வை, இதே நடுக்கம், காரணமில்லாத இதே கோபம்.

அந்த அம்மாவின் முன்னால் போய்க் குனிந்தேன். அத்தனை பேர் நடுவில் ஆங்கிலம் பேச வெட்கமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டுக் கேட்டேன். “டிட்... ஹீ... ஈட்?”

அவர் என் வாயையே பார்த்தார். கையைத் தோளுக்குப் பின்னால் காட்டி அதையே மறுபடி கேட்டேன். பிறகு கையை முன்னால் நீட்டி, “வில் ஹீ ஈட்?” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வில், வில். நோ டிட்.”

ஊசியைப் போட்டுக்கொண்டு, போகிற இடத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள்.

நான் இளைஞரைப் பார்த்து, “தம்பி, அவரு இன்னும் சாப்பிடல. சக்கர எறங்கிருச்சு. இனிப்பா குடிக்க எதாச்சும் வேணும், சீக்கிரம்லா” என்றேன்.

“ஷுவரா ஆன்டி?”

“ஷுவர்.”

போனில் இருந்தவர்களிடம் அவர் விஷயத்தைச் சொன்னார். விழுங்க முடிந்தால் கொடுக்கச் சொன்னார்களாம். உடனே கடைக்கு ஓடி, பழச்சாறு வாங்கி வந்தார். நாங்கள் பிடித்துக்கொள்ள, அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். நடுக்கம் மெல்ல அடங்கியது. இத்தனை பேர் ஏன் நிற்கிறார்கள் என்பதுபோல் சுற்றிப் பார்த்துவிட்டு மனைவியிடம் ஏதோ கேட்டார். அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சோதித்துவிட்டு, சர்க்கரைதான் இறங்கியிருக்கிறது, நல்ல நேரத்தில் கொடுத்தீர்கள் என்றார்கள். அந்தத் தம்பதி துருக்கியிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த ‘நோ டிட்’டைக் கேட்டிருந்தால் எங்கள் ஆசிரியை உடனே திருத்தியிருப்பார். ஆனால் அதைவிடத் தெளிவான ஆங்கிலத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

எங்கள் துணிக்கடைக்கு வங்காளதேசத்துக்காரர்களும் மியன்மார்காரர்களும் வருவார்கள். மலாய்ச் சொல் கிடைக்காமல் அவர்கள் திணறும்போது, இப்போதெல்லாம் மீதியை நானே முடித்துவிடுவதில்லை. அவர்கள் சொல்ல வருவது நான் நினைத்ததற்கு நேர்மாறாகவும் இருக்கலாம் என்று காத்திருக்க, அந்த மதியம்தான் எனக்குப் பழக்கிவிட்டது.