பிட்ச் மேல் போட்ட மேடை

மைசூரில் எதையாவது பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டால் அதன் கதை முடிந்தது. அதன்பின் அதைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், உபயோகிக்க மட்டும் முடியாது. எங்கள் பழைய கிரிக்கெட் மைதானத்துக்கும் அந்த கௌரவம் கிடைத்தது. ஓட்டுக்கூரை போட்ட மர பெவிலியனில் புறாக்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவரை அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அறிவிப்பு வந்ததும் ஊரில் பாதிப் பேருக்குத் தாங்கள் அங்கே செஞ்சுரி அடித்தது ஞாபகம் வந்துவிட்டது.

பெயர்ப்பலகை திறப்பு விழாவும், பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணிக்கான தேர்வு ஆட்டமும் ஒரே நாளில் வந்தன. என் மகள் ஆஃப் ஸ்பின் போடுவாள். வயதுக் கணக்கில் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. காலையில் விழா, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், உடனே ஆட்டம் என்றார் மைதானக் கமிட்டிச் செயலாளர். மைசூரில் ஒரு விழா அரை மணி நேரத்தில் முடியும் என்று நம்பிய என்னைச் சொல்ல வேண்டும்.

போய்ப் பார்த்தால் மேடையை பிட்ச் மேலேயே போட்டிருந்தார்கள். பந்து குத்தி எழும்ப வேண்டிய இடத்தில் பந்தல்கால் நட்டிருந்தது. செயலாளரும் தமிழர்தான், ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். "என்ன சார் இது?" என்றேன்.

"மகாராஜா காலத்துல பெரிய பெரிய ஆளுங்க நின்னு ஆடின எடம் சார். கெஸ்ட்டை எல்லாம் ஓரத்துல உட்கார வெச்சா மரியாதையா இருக்குமா?"

பக்தி முற்றிப்போய் கர்ப்பக்கிரகத்திலேயே பந்தி போட்ட மாதிரி இருந்தது.

மேடையில் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சரிகை வைத்த மைசூர்த் தலைப்பாகை, சால்வை, சந்தன மாலை, பழத்தட்டு. ஒருவரை விட்டுவிட்டால் அடுத்த தேர்தலில் கமிட்டியே கவிழ்ந்துவிடும். இத்தனை தட்டுகளை யார் தூக்குவது? வெள்ளை உடையில் வரிசையாக நின்ற பெண்கள் செயலாளர் கண்ணில் பட்டார்கள்.

"யூனிஃபார்ம்ல பார்க்க லட்சணமா இருக்காங்க" என்று தட்டுகளை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்.

நான் சண்டைக்குக் கிளம்பினேன். மகள் கையைப் பிடித்தாள். "பேடாப்பா, வேணாம், ப்ளீஸ். நீ கத்தினா என்னை எடுக்க மாட்டாங்க." திரும்பிப் போய்க் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தேர்வாளரும் மேடையில்தான் உட்கார்ந்திருந்தார், அவருக்கும் சால்வை பாக்கி இருந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது, பெண்கள் கிரிக்கெட்டின் எதிர்காலம் ஒளிமயமானது என்று ஒருவர் கன்னடத்தில் முழங்கினார். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் செயலாளர் மைக்கைப் பிடித்து, நேரமாகிவிட்டதால் இன்று ஆட்டம் கிடையாது, போன வருஷ அணியே போகும் என்று அறிவித்தார். போன வருஷ அணியில் என் மகள் இல்லை.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அதிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்துக்கொண்டு, மேடைக்கு முன்னால் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் பின்னால் நடந்தாள். இரண்டே எட்டு ஓடிவந்து போட்டாள். கம்பளத்தில் குத்திய சாத்துக்குடி உள்ளே திரும்பி, மேடையடியில் வைத்திருந்த மைக் ஸ்டாண்டின் காலில் போய் இடித்தது. கூட்டம் கைதட்டியது. கலை நிகழ்ச்சிக்கு நன்றி என்றார் தொகுப்பாளர்.

அவள் நேராக மேடையேறித் தேர்வாளர் முன்னால் நின்றாள். கண்ணை மறைத்த தலைப்பாகையை அவர் இரண்டு கையாலும் தூக்கிச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சார், நல்லா திரும்பிச்சா?"

"எந்தப் பந்தும்மா?"