கிளி அணியில் ஒருத்தி

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய அந்தக் கோடையில், அவனால் பதவி உயர்வு பெற்றவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. சாந்தோம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பட்டினப்பாக்கத்தில் எங்கள் குப்பத்தில் சிலேட்டைத் தொட்ட முதல் பெண் நான். எங்கள் குடும்பத்தில் ஆண்களையும் சேர்த்தே முதல் ஆள். இதை இன்றைக்கும் யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வயதில் எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் பள்ளி மைதானத்தில் சாரணியர் குழு கூடும். அதை நடத்தியவர் எங்கள் ஆசிரியை அல்ல. மயிலாப்பூரில் தமையன் வீட்டில் இருந்தவர். கணவர் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் வேலை பார்த்தார். சம்பளம் இல்லை, யாரும் வேண்டிக் கேட்டதும் இல்லை. தானாகவே தலைமையாசிரியையிடம் வந்து, பெண்களை ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டவர். குழுவை நடத்துபவருக்குக் கேப்டன் என்று பெயர். என் அம்மாவுக்கு அது தீராத வேடிக்கை.

"கப்பலும் இல்ல, கட்டுமரமும் இல்ல, இன்னாடி கேப்டனு?" என்பாள்.

மற்ற பெண்கள் மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் வருகிறவர்கள். வக்கீல் பெண்கள், டாக்டர் பெண்கள். கிளி அணி, மைனா அணி என்று இரண்டாகப் பிரித்ததில், நான் கிளி அணியில் கடைசி ஆள். முதலுதவிப் பயிற்சியில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருத்திக்குக் காயம் பட்டதாக வைத்துக்கொண்டு மற்றவள் முக்கோணத் துணியால் கட்டுப் போட வேண்டும். எனக்குக் கையை நீட்ட யாரும் வரவில்லை. அம்மா ராயப்பேட்டைத் தெருக்களில் மீன் விற்பவள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"இவ கட்டினா புண்ணு ஆறிடும், வாசனை போகாது" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

கேப்டன் ஒன்றும் அதட்டவில்லை. நேராக வந்து என் எதிரில் சப்பணம் கட்டி உட்கார்ந்தார். "எனக்குக் கை ஒடிஞ்சு போச்சுடி. பார்த்துண்டே இருந்தா எப்படி? கட்டு" என்று கையை நீட்டினார். அன்றிலிருந்து அவர்தான் என் நோயாளி.

கொடி, முடிச்சு, கட்டு என்று மூன்று பரீட்சைகள். மூன்றிலும் தேறினால் உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம். மூன்று இலை போன்ற பித்தளைச் சின்னம் ஒன்றைச் சட்டையில் குத்துவார்கள். எனக்கென்று ஒரு சின்னத்தைக் கேப்டன் மாத்திரை டப்பா ஒன்றில் பஞ்சு வைத்து எடுத்து வைத்திருந்தார். ஒருநாள் திறந்தும் காட்டினார். அது என் சட்டையில் ஏறிவிட்டால், அப்புறம் வாசனையைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்க முடியாது என்பது என் நினைப்பு. கொடியிலும் முடிச்சிலும் தேறிவிட்டேன். கட்டு மட்டும் பாக்கி.

அப்போதுதான் பட்டணம் காலியாகத் தொடங்கியது. முதலில் மைனா அணி பறந்தது. பிறகு கிளிகள், ஒவ்வொன்றாக. ஒருத்தி சேலத்துக்கு, ஒருத்தி திருவண்ணாமலைக்கு, அக்கா தங்கைகள் இருவர் பாலக்காட்டுக்கு. மயிலாப்பூர் வீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. ராயப்பேட்டையில் வாங்குவாரில்லாமல் அம்மா பாதிக் கூடையோடு திரும்பி வந்தாள். பக்கத்துக் குடிசைக்காரர் ஒருவர் என் நைனாவிடம், அதாவது அப்பாவிடம், "நீ எங்கியும் போவலியா?" என்று கேட்டதற்கு, "கடல இன்னா, பாயாட்டம் சுருட்டிக் கக்கத்துல வெச்சிகினா போறது?" என்றார் நைனா. அதை நான் வீரம் என்று எடுத்துக்கொண்டேன். ஓடியவர்கள் கோழைகள், நாங்கள் தைரியசாலிகள். போவதற்கு எங்களுக்கு ஓர் ஊர் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆள் குறையக் குறைய நான் உயர்ந்தேன். கடைசி ஆள் துணைத் தலைவியானாள். பிறகு அணித் தலைவியானாள். ஒரு சனிக்கிழமை மைதானத்துக்குப் போனபோது வேப்பமரத்தடியில் கேப்டனும் நானும் மட்டும் இருந்தோம். வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அவரோ நீலப் புடவையின் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வழக்கமான இடத்தில் போய் நின்று, வழக்கமான குரலில் கூப்பிட்டார்.

"கிளி அணி! வந்திருப்பவர்?"

"ஒருவர், கேப்டன்!"

"மற்றவர்?"

"ஊரில் இல்லை, கேப்டன்!"

அவர் சிரிக்கவில்லை. என் நகங்களைப் பார்த்தார், காதின் பின்புறம் பார்த்தார். பிறகு இடது வலது என்று நான் ஒருத்தியே அணிவகுத்து நடந்தேன். குண்டு விழுந்தால் பதுங்குவதற்கென்று மைதானத்தில் நீளமாகக் குழிகள் வெட்டியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவில் நடந்து போய் நானே கொடியை ஏற்றினேன், நானே வணக்கம் செலுத்தினேன். முன்பெல்லாம் கொடிக் கயிற்றைத் தொட எனக்கு முறையே வந்ததில்லை. சண்டை இப்படியே நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று அன்றிரவு வேண்டிக்கொண்டேன்.

கட்டுப் பரீட்சை மட்டும் நகரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேப்டனுக்குக் கை ஒடிந்தது, முழங்கால் பெயர்ந்தது, தலை உடைந்தது. நான் கட்டினேன். முடிந்ததும் விரலால் தடவிப் பார்த்து ஏதாவது ஒரு குறை சொல்வார். முனை வெளியே தெரிகிறது. முடிச்சு ஓரமாகப் போய்விட்டது. "தலையா இது? பலாப்பழ மூட்டைன்னா இப்படிக் கட்டுவா!" கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும், நுழைந்தால், இடது கை விரல் நுழையவில்லை என்பார். "போறது, அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம்."

நான் அழுதுகொண்டே கடற்கரையோரமாக வீட்டுக்கு நடப்பேன். வாரம் முழுவதும் தம்பியின் தலையைப் பிடித்து வைத்துக்கொண்டு பழகுவேன். "இன்னாடி இது, தெனம் ஒனக்குன்னு மண்டைய ஒடைச்சிகினு வர்றானா?" என்று குப்பத்துப் பெண்கள் கேட்பார்கள். அவர் சொன்ன குறைகளில் பாதி எந்தச் சாரணியர் கையேட்டிலும் இல்லை என்பது, நானே இப்போது சனிக்கிழமைகளில் ஒரு குழுவை நடத்த வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் கொடி இறக்கும் சமயத்தில் வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. கேப்டனின் தமையன் இறங்கி வந்தார். மைதானத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"இதாடி ஒன் கம்பெனி?"

"சனிக்கிழமைன்னா பொண்கள் வருவா அண்ணா. நடுவிலே எப்படி விட்டுட்டு வர்றது?"

"பொண்களா? எங்கே?"

நான் குதிகால்களைச் சேர்த்து மூன்று விரல்களால் வணக்கம் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த கட்டுத் துணியைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார். "கும்பகோணத்துல எல்லாரும் நமக்காகக் காத்துண்டிருக்கா. ஆத்தைப் பூட்டியாகணும்."

"பூட்டிட்டா, ரங்கூன்லேர்ந்து அவர் வந்து எங்கே நிப்பார்?" என்றார் கேப்டன் மெதுவாக.

தமையன் ஜட்காவின் பக்கம் திரும்பினார். "ஒரு வாரம். அதுக்கு மேல என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

வண்டி போன பிறகு கேப்டன் என் பக்கம் திரும்பினார். "அடுத்த சனிக்கிழமையும் நீ வருவியோன்னோ?"

அவர் அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அணித் தலைவி வராமலா, கேப்டன்?" என்றேன். நான் இல்லாவிட்டால் சாரணியர் இயக்கமே நின்றுவிடும் என்று நம்பினேன். ஆகவே அவர் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். சனிக்கிழமை நான் புறப்படும்போது அம்மா மறித்தாள். "இஸ்கோலே பூட்டிகினு போச்சி. அங்க யாரு கீறாங்கன்னு நீ போறே?"

"நான் போனாத்தான் குழு இருக்கும்."

"ஆமா, இவ போய்த்தான் தூக்கி நிறுத்தணும்" என்றாள் அம்மா. ஆனாலும் விட்டாள்.

கேப்டன் வந்திருந்தார். அன்று அவர் புடவை கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. வருகை கேட்டார், சொன்னேன். கொடியை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஜட்கா வந்துவிட்டது. இந்த முறை தமையனோடு இன்னொருவரும் இறங்கினார். இறங்கினார் என்று சொல்லக் கூடாது. தமையன் அவரைப் பிடித்து இறக்கினார். எலும்பும் தோலுமாக இருந்தார். இரண்டு பாதங்களிலும் கந்தல் சுற்றியிருந்தது. பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர் என்று தமையன் சொன்னது காதில் விழுந்தது.

நான் பார்த்தது அந்தக் கந்தலைத்தான். மகா மோசமான கட்டு. முனைகள் தரையில் புரண்டன. முடிச்சு சரியாகப் புண்ணின் மேலேயே உட்கார்ந்திருந்தது. உண்மையான காயம்! கேப்டன் இப்போது திரும்பி என்னைக் கூப்பிடப் போகிறார். இதை அவிழ்த்து நீ கட்டு என்று சொல்லப் போகிறார். துணியை மடித்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, இரண்டடி முன்னால் போய் விறைப்பாக நின்றேன்.

அந்த மனிதர் கேப்டனின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "கூடத்தான்மா நடந்து வந்தோம். ஜுரம் கண்டுடுத்து. மலைக்கு இந்தப் பக்கம் அவர் வரலேம்மா."

அப்படியானால் கேப்டனின் கணவர் அந்தப் பக்கம் இருக்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். ஜுரம் விட்டால் வருவார். இதற்குப் போய்த் தமையன் ஏன் தலையில் அடித்துக்கொள்கிறார் என்று விளங்கவில்லை.

கேப்டன் அந்த மனிதரின் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி என்னிடம் வந்தார். வேப்பமரத்தடியில் எங்கள் பாயில் படுத்துக்கொண்டார்.

"கண்ணுல காயம்" என்றார். "ரெண்டு கண்ணும். கட்டு."

கண்கட்டு நாங்கள் பழகாதது. ஆனாலும் மண்டியிட்டேன். துணியைப் பட்டையாக மடித்தேன். இவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை. இரண்டு கண்களையும் மூடி, காதுகளை அழுத்தாமல், முடிச்சைப் பக்கவாட்டில் போட்டு, முனைகளை உள்ளே செருகினேன். இடது கை விரலை விட்டுப் பார்த்தேன், நுழைந்தது. "முடிஞ்சுது, கேப்டன்" என்றேன்.

அவர் தடவிப் பார்க்கவில்லை. அசையவும் இல்லை. வேப்பம்பூ உதிர்ந்து அவர் புடவையில் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கட்டின் மேல், ஒரு கண் இருக்கும் இடத்தில், சின்னதாக ஓர் ஈரம் தெரிந்தது. பிறகு இன்னொரு கண் இருக்கும் இடத்தில். இரண்டும் பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்தன.

இறுக்கிவிட்டேன் என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வலிக்குதா கேப்டன்? அவுத்துடட்டுமா?"

"வேண்டாம்" என்றார். "இருக்கட்டும்."

தமையன் மைதானத்தின் ஓரத்திலேயே நின்றார், கிட்டே வரவில்லை. வெகுநேரம் கழித்துக் கேப்டன் எழுந்து உட்கார்ந்தார். முடிச்சை அவிழ்க்காமல் கட்டை அப்படியே தலைக்கு மேலாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். தேறினேனா என்று கேட்க நிமிர்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் தேறாததுபோல்தான் இருந்தது. எழுந்து வண்டியை நோக்கி நடந்தார். நான் வணக்கம் வைத்தேன். எந்த வணக்கத்தையும் திருப்பித் தராமல் விடாதவர் அன்று திரும்பிப் பார்க்கவில்லை. மாத்திரை டப்பா அவருடைய பையிலேயே போயிற்று.

கொடியை நானே இறக்கினேன். துணியின் வளையத்துக்குள் மறுபடியும் விரலை விட்டுப் பார்த்தேன். தாராளமாகவே நுழைந்தது. எங்கே தவறு செய்தேன் என்று தெரியவில்லை.

வீட்டில் அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "தேறலம்மா, கட்டு சரியில்ல" என்று அழுதேன். என்ன நடந்தது என்று கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். மலைக்கு இந்தப் பக்கம் வரவில்லை என்ற இடத்தில் அம்மாவின் கை நின்றுவிட்டது. கூடையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். கடலுக்குப் போயிருந்த நைனா திரும்பி வரும் திசையைப் பார்த்துக்கொண்டு இருட்டும் வரை நின்றாள். என் கட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படிக்காதவளுக்கு என் துக்கம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் துணியில் வேப்பம்பூவும் ஈரமும் ஒட்டிக் கறை பட்டிருந்தது. கேப்டனிடம் அழுக்காகத் திருப்பித் தரக் கூடாது என்று, கிணற்றடியில் சவுக்காரம் போட்டுக் கறை போகும்வரை கசக்கித் துவைத்தேன். காயவைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத்தின் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கொடிக்கம்பத்தில் கயிறு இல்லை. வேப்பமரத்தடியில் என் இடத்தில் போய்க் குதிகால்களைச் சேர்த்து நின்றேன். காகங்களைத் தவிர ஒருவரும் இல்லை என்றாலும், முறை முறைதான் என்று உரக்கச் சொன்னேன்.

"கிளி அணி. வந்திருப்பவர் ஒருவர், கேப்டன்!"

கேப்டன் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. ஆகவே நான்தான் சீக்கிரம் வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.