தட்டினால் கிளம்பும் டிரைவர்

டிப்போவில் அவருக்கு 'ரெட்டை விசில்' என்று பட்டப்பெயர். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தால் வண்டி நகரும். கொடுக்காவிட்டால் யார் வந்து கெஞ்சினாலும் நகராது. யார் ஏறினார், யார் இறங்கினார் என்று திரும்பிப் பார்ப்பது டிரைவர் வேலை இல்லை என்பது அவருடைய கொள்கை. பஸ்ஸுக்கு நல்ல கொள்கைதான். மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பிள்ளைகளின் படிப்பு, மகளுக்கு வரன் தேடியது, மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது எல்லாம் மனைவி பாடு. அவர் பாட்டுக்கு முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்றதும் மகள் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தாள். கட்டில், அடுப்பு, கழிப்பறை என்று குட்டி வீடே உள்ளே இருந்தது. கல்யாணமான புதிதில் மனைவியை மலைக்கு அழைத்துப் போவதாக இவர் கொடுத்த வாக்கு அன்றிலிருந்து கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அதை இப்போதாவது நிறைவேற்றச் சொல்லி மகள் சாவியைக் கையில் திணித்தாள்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கனத்த திரை. அதற்கு அந்தப் பக்கம் மனைவியின் ராஜ்ஜியம். அவள் ஏறிக் கதவைச் சாத்திச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் இவர் கிளம்புவார். சம்பளமில்லாத கண்டக்டர் என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

மலைக்கிராமத்தில் ஏரிக்கரை முகாமில் வண்டியைப் போட்டுவிட்டு ஊரைச் சுற்றினார்கள். செங்குத்தான சந்துகள், மரவீடுகள், ஜன்னல்தோறும் பூந்தொட்டிகள், கம்பளிக் குல்லாய்க் கடைகள். அவள் ஒவ்வொரு ஜன்னலிலும் நின்றாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த வளைவுக்கே போயிருப்பார். ஊரைப் பார்க்க வந்தாரா, ஊரை அளக்க வந்தாரா என்று கேட்கத் தோன்றும்.

திரும்பும் நாள் காலையில் தண்ணீர்க் குழாயைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, அதை இரவல் தந்த காவலாளியிடம் கொடுக்கப் போனாள் அவள். அந்த நேரம் பக்கத்து வண்டிக்காரர் தன் தரைவிரிப்பை உதறினார். அது இவர் வண்டியின் பக்கச்சுவரில் டப், டப் என்று அடித்தது. ரெட்டை விசில் கிளம்பிவிட்டார்.

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்க, அதிசயமாக அவருக்குப் பேச்சு வந்தது. முகம் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்திருக்கும். அடுத்த தடவை கடலுக்குப் போகலாம் என்றார். சின்னவன் பிறந்தபோது வேறொருவரை வண்டி எடுக்கச் சொல்லியிருக்கலாம், வீம்புக்குப் போனேன் என்றார்.

"உன்னை ரொம்பத் தனியா விட்டுட்டேன். தப்புதான்" என்றார் கடைசியில்.

பின்னாலிருந்து பதில் இல்லை. அழுகிறாள் என்று நினைத்தார். பள்ளத்தாக்கு தெரிகிற ஒரு திருப்பத்தில் ஓரங்கட்டி, திரையை விலக்கினார்.

கட்டில் மடித்தபடி இருந்தது. சார்ஜில் அவளுடைய போன். கதவு லேசாகத் திறந்து ஆடிக்கொண்டிருந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்துவிட்டாளோ என்றுதான் முதலில் தோன்றியது. வண்டியை விட்டு இறங்கி, வந்த பாதையில் திரும்ப ஓடி, ஓரத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். அந்த நீள வண்டியைத் திருப்ப அங்கே இடமில்லை. இன்னும் கீழே போய்த்தான் திருப்ப வேண்டியிருந்தது. ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திப் பள்ளத்தைப் பார்த்தார். வாழ்நாளில் அவர் இத்தனை முறை பின்னால் பார்த்ததில்லை.

முகாம் வாசலில், காவலாளியின் பெஞ்சில் அவள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். உயிர் திரும்பி வந்தது அவருக்கு. இறங்கி ஓடினார். திட்டு விழும், அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். ஆனால் இவரைக் கண்டதும் திகைத்து எழுந்தது அவள்தான்.

"என்னங்க, வண்டி ரிப்பேரா?"

"உன்னை... உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான்..."

"எனக்காகவா?" என்றாள். நம்பாதவள் போல வண்டியை ஒருமுறை பார்த்தாள். "நீங்க வருவீங்கன்னு நினைக்கல. மத்தியானம் பால்வண்டி கீழே போகுதாம். காவலாளிகிட்ட எனக்கு ஒரு இடம் சொல்லி வச்சிட்டேன்."

குத்திக் காட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் நடந்ததைத்தான் சொன்னாள்.