நெல்லியடி பஸ்ஸில் ஒரு நடிகை

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அந்த அம்மாவுக்குத் தொண்ணூறு வயதிருக்கும். யாராவது போனை உயர்த்தினாலே சேலைத் தலைப்பை முகத்துக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டார். என்னை நெடுநேரம் அளந்து பார்த்துவிட்டுத்தான் காதருகே குனிந்தார்.

"பிள்ளை, பழைய படமெல்லாம் இப்ப போனிலை வருதாமே?"

"ஓம் அம்மா."

கல்யாணத்துக்கு முன் மெட்ராஸில் நடித்தவராம். புருஷன் வீட்டில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

"மற்றப் படமெல்லாம் ஸ்டூடியோவோடை எரிஞ்சு போச்சு. ஒண்டுதான் மிச்சம். பேத்திக்குச் சம்பந்தம் பேசுறம். மாப்பிள்ளை வீட்டார் பாத்தா என்ன கதைப்பினம்?"

படத்தின் பெயரைச் சொல்லும்போது அவர் கை என் மணிக்கட்டை இறுக்கியது. தேடினேன். படம் இருந்தது. கடைசிப் பகுதி அழிந்துவிட்டதாகக் கீழே எழுதியிருந்தார்கள். அதை வாசித்துச் சொன்னேன்.

"கடைசிப் பாட்டிலைதானே நான் வாறன்" என்றார்.

இனிப் பயம் போய்விடும் என்று நினைத்தேன். பிடி தளரவில்லை.

"வடிவாப் பார் பிள்ளை. வேறை எங்கையாவது கிடக்கும்."

பஸ் நிலையம் வரும்வரை என்னைத் தேடவைத்தார். எங்கும் இல்லை. அவர் இறங்கப்போகும்போது முன் இருக்கையில் ஒருவன் போனை உயர்த்திப் படம் எடுத்தான்.

அவர் முகத்தை மறைக்கவில்லை.