வெளுத்த தாலி

ரசலிங்கம் எங்களுக்குக் கிடைத்தது திருவண்ணாமலை கிரிவலத்தில். பாதையோரம் காவித்துணி விரித்து உட்கார்ந்திருந்த ஒருவர், பாதரசத்தை மூலிகைச் சாறு விட்டுக் கட்டின லிங்கம் என்று சொல்லி என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். ஆனால் கை தணிந்துவிட்டது, அவ்வளவு கனம். தினமும் பால் அபிஷேகம் பண்ணி, அந்தப் பாலைக் குடித்துவந்தால் நோய்நொடி அண்டாது என்றார். ஈசனே வந்து கையில் உட்கார்ந்த மாதிரி எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தொண்ணூறுகளில் நானும் என் மனைவியும் பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரே அறை வீட்டில் இருந்தோம். சுவரில் பலகை அடித்து, லிங்கத்தை அதில் வைத்து, பக்கத்தில் அணையாமல் ஒரு விளக்கு. பலகைக்குக் கீழேதான் பாய் போட்டுப் படுப்போம். குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை.

பொம்மசந்திராவில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் குளித்து, அபிஷேகம் முடித்து, பாலைக் குடித்த பிறகுதான் சாவியைத் தொடுவேன். என் மனைவிக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அவள் தாலியை எடுத்து லிங்கத்தின் மேல் ஒற்றி, பிறகு கண்ணில் ஒற்றிக்கொள்வாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்கவா வேண்டும், என் ஆயுசுக்குத்தான்.

வெயில் காலத்தில் லிங்கத்தின் அடியில் கடுகு கடுகாக வெள்ளி முத்துகள் நிற்கும். சாமிக்கு வேர்க்குது என்பாள். பயபக்தியோடு துணியால் ஒற்றி எடுப்பாள்.

முதலில் வாய்தான் கெட்டது. சோறு, காபி, தண்ணீர் எல்லாமே காசை நாக்கில் வைத்த மாதிரி ருசித்தன. அப்புறம் கை. டம்ளரைத் தூக்கினால் காபி தளும்பிச் சட்டையில் விழும். கியர் போடும்போது விரல்கள் தன்பாட்டுக்கு ஆடும். பஸ்ஸில் வருகிற பெண்கள் பார்த்துவிட்டார்கள். அதில் வாயாடி ஒருத்தி, முன் சீட்டில் உட்காருகிறவள், "என்னண்ணா, பெருமாள் கோயில் தீர்த்தமா, இல்ல வேற தீர்த்தமா?" என்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. வேறு காலமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு வண்டியை ஓரம் கட்டி, எழுந்து நின்று, என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லாத அளவுக்குக் கத்தினேன். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கிண்டல் பண்ணவில்லை. கண்ணாடியில் பார்த்தால் எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டு வருவார்கள்.

நரம்பு டாக்டரிடம் போனேன். கன்னடத்தில் பொறுமையாகக் கேட்டார். பெயின்ட் வேலையா, பேட்டரி வேலையா, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. நான் டிரைவர் சார், மருந்தெல்லாம் எதுவும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. பிரசாதத்தை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? ஊசியால் பாதத்தைக் குத்திப் பார்த்தார். குத்தினது தெரியவில்லை.

அந்த வருஷம் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போனேன். விரதம் முழுக்கப் பக்கத்துத் தெரு பஜனை மடத்தில்தான் தங்கல். மலையேறி இறங்குவதற்குள் கை ஆட்டம் பாதி நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து லிங்கத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டேன். இனிமேல் சாயங்காலமும் அபிஷேகம் என்று வேண்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் கால்.

ஓசூர் ரோட்டில் ஒரு காலை. முன்னால் லாரி நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தேன். நிற்கவில்லை. குனிந்து பார்த்தால் கால் பெடலில் இல்லை, பக்கத்தில் வெறும் தகட்டை மிதித்துக்கொண்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வண்டியை ஒடித்தேன். தள்ளுவண்டியில் இட்லி விற்கிற அம்மாவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அந்த அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அந்த வாயாடிப் பெண்தான் எழுந்து வந்தாள். "அண்ணா, வீட்டுல எனக்குக் கைக்குழந்தை இருக்கு. கும்பிட்டுக் கேக்கறேன், இனிமே நீங்க ஓட்டாதீங்க."

சாவியை அங்கேயே கிளீனரிடம் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் என் மனைவி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உள்ளேயிருந்து தாலியை வெளியே எடுத்து, மேலே பூசியிருந்த மஞ்சளை முந்தானையால் துடைத்தாள். தங்க நிறமே இல்லை. அலுமினியம் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப மாசமாங்க. தாலி வெளுத்தா புருஷனுக்கு ஆகாதும்பாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? மஞ்சளப் பூசிப் பூசி மறைச்சேன். வெளுக்க வெளுக்க, சாமி மேல இன்னும் அழுத்தி ஒத்துனேன்."

மறுநாள் அதை மாற்றிக்கொள்ள அல்சூர் பஜாரில் தெரிந்த நகைக்கடைக்குப் போனோம். கடைக்காரர் லேசாக வளைத்தார். ஓரம் பிஸ்கட் மாதிரி உடைந்தது. "பாதரசம் ஏறியிருக்கேப்பா. வீட்டுல தர்மாமீட்டர் ஏதாச்சும் உடைஞ்சுதா? இதை நான் உருக்க மாட்டேன், புகை ஆகாது" என்றார்.

எங்கள் வீட்டில் தர்மாமீட்டர் இருந்ததே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் விளக்கைப் பார்த்தாள், பிறகு லிங்கத்தைப் பார்த்தாள். போய் ஜன்னலைத் திறந்தாள். பலமாக இறுகியிருந்தது. கையால் குத்தித்தான் திறந்தாள்.

லிங்கத்தைப் பற்றிச் சொன்னதும் நரம்பு டாக்டர் மூத்திரத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். எங்கள் இரண்டு பேர் உடம்பிலும் பாதரசம் இருந்தது. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எனக்குச் சந்தேகமில்லை என்றார். குடித்ததைவிட, விளக்குச் சூட்டில் ஆவியாகி மூச்சில் போனதுதான் அதிகமாம். கொஞ்சம் சரியாகும், முழுசாகச் சொல்ல முடியாது என்றார். அவளிடமும் ஈறில் ரத்தம் வருகிறதா, தூக்கம் இருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். என்னிடம் ஒன்றுகூடச் சொன்னதில்லை.

சாமியை ஏரியில் விட்டுவிடலாமா என்று அவள் கேட்டாள். பின்னமான விக்கிரகத்தை நாங்கள் தண்ணீரில்தான் விடுவோம். விடவே கூடாது, பாதரசம் மீனுக்கு ஏறி ஊருக்கு ஏறும், இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் போட்டு இங்கே கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர். ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவினோம். கற்பூரம் ஏற்றவும் பயம். சிவசிவா என்று சொல்லி லிங்கத்தை இறக்கினேன். அவள் தாலியையும் கழற்றி அதிலேயே போட்டாள். மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்து நீட்டினாள். என் கை ஆடினதில் முடிச்சு விழவே இல்லை. என் கைமேல் அவள் கையை வைத்து அவளே போட்டுக்கொண்டாள்.

கம்பெனி என்னைத் துரத்தவில்லை. ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். கை இப்போது பாதிக்கு மேல் தேவலை. கால் அப்படியேதான். படி இறங்கும்போது கண்ணால் பார்த்துத்தான் வைக்கிறேன். ஈசன் மேல் எனக்கு வருத்தமில்லை. தினமும் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொள்கிறேன். பலகையில் அந்த இடத்தை மட்டும் காலியாகவே விட்டிருக்கிறோம்.

அப்புறம் புதுத்தாலி செய்து போட்டோம். காலையில் எழுந்ததும் அவள் ஜன்னலோரம் போய் நின்று, வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அது மஞ்சளாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். அதுவரைக்கும் நான் கண்ணை மூடிப் படுத்திருப்பேன்.