மஞ்சள் நூல் கட்டாத தம்ப் டிரைவ்

என் அலுவலக மேசை இழுப்பறையில் ஒரு நீல நிற தம்ப் டிரைவ் கிடக்கிறது. அதன் துளையில் வெள்ளை நூல் கட்டி, பத்திரிகை அட்டையில் வெட்டிய சிறு துண்டொன்றைத் தொங்கவிட்டிருக்கிறது. துண்டில் ‘கடை’ என்று எழுதியிருக்கும். எழுத்து என்னுடையதல்ல. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நான் நான்கு வருடம் வேலை பார்த்த அச்சுக்கடையின் முதலாளி அக்காவுடையது. உள்ளே இருப்பது லினக்ஸ் இயங்குதளம். கம்ப்யூட்டரில் செருகினால் இன்றைக்கும் அது ஓடும். முன்பு அதற்குள் ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை அழித்தது நான்.

அக்கா என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். ஆனால் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டால் என்னைப் பெற்றவர் மாதிரிதான் அதட்டுவார். கல்யாணம், காதுகுத்து, புதுமனை, நினைவஞ்சலி என்று எல்லா அட்டையும் அடிப்போம். வருகிறவர்கள் படத்தையும் விவரத்தையும் தம்ப் டிரைவில் கொண்டுவந்து கொடுப்பார்கள், பாதிப் பேர் திரும்ப வாங்க மறந்துவிடுவார்கள். அதையெல்லாம் அக்கா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு இருக்கும், மஞ்சள் நூலால் கட்டியிருக்கும். பத்திரிகைக் கட்டுகளைக் கட்டுவதற்காக மஞ்சளில் தோய்த்த நூல்கண்டு எப்போதும் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

கடையில் இருந்த கம்ப்யூட்டர் ஆதி காலத்தது. அதிலிருந்த பழைய விண்டோஸை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போகவே பயமாக இருக்கும். ஊரார் தம்ப் டிரைவில் வரும் வைரஸ்கள் எல்லாம் அதில்தான் குடியேறும். ஆனால் அக்கா பத்திரிகை அடிக்கிற தமிழ் எழுத்துரு அந்தப் பழைய விண்டோஸில் மட்டுமே வேலை செய்தது. நான் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிடலாம், பிசாசு மாதிரி ஓடும் என்று தினமும் நச்சரித்தேன். அக்கா அசைந்து கொடுக்கவில்லை.

“பக்கத்துல வை, சரியா? மேல வைக்காத. பழசு அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும். உன்கிட்ட சோறா கேக்குது?”

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் வைப்பது என்று முடிவாயிற்று. அதற்கு முதலில் லினக்ஸை ஒரு தம்ப் டிரைவில் ஏற்ற வேண்டும், பிறகு கம்ப்யூட்டரை அதிலிருந்து எழுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் என் மடிக்கணினியில் லினக்ஸை இறக்கிக்கொண்டேன். காலி தம்ப் டிரைவ் ஒன்று தேவைப்பட்டது. டின்னைத் திறந்தேன். எல்லாம் மஞ்சள் நூலோடு கிடந்தன. அடியில் நீலமாக ஒன்று மட்டும் நூலும் இல்லாமல் சீட்டும் இல்லாமல் இருந்தது. கடையுடையது என்று நினைத்தேன். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. ஒரு கையில் உளுந்து வடை. மற்றக் கையால் சம்மதம் என்று தட்டினேன். ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அக்கா திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்டு இரண்டு பெயர்கள் வந்தன. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். ரெண்டு வாசல் வீடு மாதிரி என்றார். பிறகு வேலை தொடங்குவதற்காக டின்னைத் திறந்தார். அடிவரை துழாவினார்.

“இதுல நீலமா ஒண்ணு இருந்துச்சே?”

புக்கிட் மேராவிலிருந்து வந்த ஓர் அம்மாவுடையதாம். கணவருக்கு முதல் வருடத் திதி, நினைவஞ்சலி அட்டை அடிக்க வேண்டும். வைரஸுக்குப் பயந்து, புது சிஸ்டம் போட்ட பிறகு படத்தை எடுக்கலாம் என்று அக்கா அதை டின்னில் போட்டிருக்கிறார். “கட்டலையேக்கா, நூல் கட்டலையே” என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். “செத்தவங்க சாமான்ல எப்படிம்மா மஞ்சள் நூல் கட்டுவேன்?” என்றார். அவருக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. நினைவஞ்சலிக்கு வருகிற எதிலும் அவர் மஞ்சளைப் படவிட்டதில்லை. அந்த மாதிரி உருப்படி எப்போதாவதுதான் டின்னுக்குப் போகும், அதன் சொந்தக்காரரை முகத்தை வைத்தே நினைவில் வைத்துக்கொள்வார். அழிந்ததை மீட்கிற மென்பொருளைப் போட்டு அன்று கடை சாத்தும் வரை போராடினேன். சாம்பல் பட்டைகள்தான் வந்தன. ஒன்றில் ஒரு சட்டைக் காலர் மட்டும் தெரிந்தது.

திங்கட்கிழமை அந்த அம்மா வந்தார். நான் எழுந்து நின்றேன். வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். “படம் அழிஞ்சிடுச்சும்மா. நான்தான் அழிச்சிட்டேன். தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க.” அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். “அவரு போட்டோன்னாலே மூஞ்சியை உர்ருன்னு வச்சுக்குவாரு. சிரிச்சது அது ஒண்ணுதான். அவரு போனும் கெட்டுப்போச்சு” என்றார்.

அக்கா சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். “அம்மா, உங்க மணிவிழா பத்திரிகை நம்மகிட்டதானே அடிச்சீங்க? மெரூன் அட்டை, ரெண்டு பேரும் மாலையோட இருப்பீங்களே?”

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். பழைய வாசலைத் தேர்ந்தெடுத்தோம். நான் துடைத்துவிடச் சொல்லி நச்சரித்த அதே விண்டோஸ், ஆடி அசைந்து எழுந்தது. உள்ளே கோப்புகள் அடுக்கு அடுக்காக இருந்தன. அக்காவே தேடி எடுத்தார். மணிவிழாப் படம் முழு அளவில் இருந்தது. கழுத்தில் மாலை, பக்கத்தில் அந்த அம்மா. கணவர் கேமராவைப் பார்க்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா திரைக்கு அருகே வந்து நின்றார். “இதை நான் மறந்தே போயிட்டேன்” என்றார்.

நினைவஞ்சலியில் உயிரோடு இருப்பவரைப் போடக்கூடாது. அந்த அம்மாவை வெட்டி எடுக்கும் வேலை எனக்கு வந்தது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரை வெட்டினேன். என் கை நடுங்கியது. மாலையையும் எடுத்தேன். அச்சுக்கு முந்தைய மாதிரியைக் காட்டியபோது, “யாரைப் பாத்துச் சிரிக்கிறாருன்னு எல்லாரும் கேப்பாங்க” என்றார். “கேக்கட்டும் லா” என்றார் அக்கா. அந்த அம்மா சிரித்தார், அப்புறம்தான் அழுதார். அக்கா ஒரு புது தம்ப் டிரைவ் வாங்கி, இரண்டு பேரும் இருக்கிற முழுப் படத்தை அதில் போட்டுக் கொடுத்தார். பழைய நீலம் எங்களிடமே தங்கிவிட்டது. அன்றைக்கே அக்கா அதற்கு வெள்ளை நூல் கட்டினார். நான் வேலையை விட்டு வந்த நாளில் அதை என் கையில் வைத்து அழுத்தினார்.

போன தீபாவளிக்கு முன்னால் பலகாரம் கொண்டுபோய்க் கடையில் அவரைப் பார்த்தேன். டின் அதே இடத்தில் இருந்தது. இத்தனை வருடம் மனதில் கிடந்ததை அன்று சொன்னேன். அந்த அம்மாவிடம் நான் உண்மையைச் சொல்லாமலே விட்டுவிட்டேனே என்றேன். அக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டே, “அவங்களுக்கு அன்னிக்கே தெரியும்” என்றார். “வீட்டுக்குப் போனதும் போன் பண்ணாங்க. அந்தப் பொண்ணு கை நடுங்குறதப் பாத்தேன், அதைத் திட்டாதீங்கன்னாங்க.”

“ஏங்க்கா என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ நிம்மதியாயிருப்பே. அடுத்த வாரமே இன்னொண்ண அழிச்சிருப்பே.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. இந்த அக்காவை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. இன்னொரு முறுக்கை எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் காலி தம்ப் டிரைவ் இருக்கிறதா என்று கேட்டார். இழுப்பறையைத் திறந்தேன். வெள்ளை நூலோடு நீலம் மேலாகவே கிடந்தது. “அதைக் குடுங்களேன்” என்றார். எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். இது காலி இல்லை என்று சொல்லி மறுபடியும் உள்ளே வைத்தேன்.